தேய்க்கக் கூடாத முகம்

என் சின்னம்மா கையால் அடி வாங்காதவர்களை எங்கள் பேட்டையில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பால்காரன் வாங்கியிருக்கிறான். குழாயடியில் குடத்தை முந்தி வைத்த பெண்கள் வாங்கியிருக்கிறார்கள். அவள் வேலை பார்த்த மாங்காய் மண்டியில் தரகர் ஒருவர் கூடையாலேயே வாங்கினார். கூடப் பிறந்த அக்கா, அதாவது என் அம்மா, வாங்கியதற்குக் கணக்கே கிடையாது. கட்டிய புருஷன் உலக்கையால் வாங்கினான். அதற்கப்புறம் அவன் தாடை ஒரு பக்கமாகவே நின்றுவிட்டது என்று சூளகிரிப் பக்கம் போய்வந்தவர்கள் சொல்வார்கள். அவனை விட்டுவிட்டு ஒரு துணி மூட்டையோடு கிருஷ்ணகிரிக்கு எங்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்தாள்.

"யாருடி மொதல்ல கை நீட்டுனது?" என்று அம்மா கேட்டாள்.

"மொதல்ல அவன் அடிச்சான். கடசியா நான் அடிச்சன்," என்று சொல்லிவிட்டுச் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

இதையெல்லாம் நான் பெருமையாகச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அப்படி ஒருத்தியோடு ஒரே வீட்டில் இருந்து பார்த்தால் தெரியும். அவள் செருப்பைக் கழற்றி எறிகிற சத்தத்தை வைத்தே இன்றைக்கு யாருக்கு விழப்போகிறது என்று நாங்கள் கணக்குப் போடுவோம். அப்பா லாரி ஓட்டப் பெங்களூருக்குப் போய்விடுவார், தப்பித்துக்கொள்வார். மாட்டிக்கொள்வது அம்மாதான்.

அப்படிப்பட்ட கைதான் என்னைக் குளிப்பாட்டியது. அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

எனக்குப் பிறவியிலிருந்தே பொல்லாத தோல். புது சோப்புப் போட்டால் சிவந்துவிடும். கம்பளி பட்டால் தடித்துவிடும். வெயிலில் வேர்த்தால் கழுத்தெல்லாம் பொரிப் பொரியாக எழும்பும். மார்கழி வந்தால் கையும் காலும் செதில் செதிலாக உரியும். அம்மாவுக்கு அந்தச் செதில் எல்லாமே அழுக்கு. அழுக்கு என்றால் அவளுக்குத் தெரிந்த ஒரே வழி தேங்காய் நார். எனக்கு நாலைந்து வயதிருக்கும்போது ராகித் தவிட்டைப் போட்டு நாரால் முழங்காலைத் தேய்த்தாள். அழுக்கு வருகிறது, வருகிறது என்று அவள் சந்தோஷமாகத் தேய்க்கத் தேய்க்க, வந்தது தோல். சீழ் பிடித்துக் காய்ச்சல் கண்டது. அப்போது கல்யாணமாகாமல் இருந்த சின்னம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாளாம். காய்ச்சல் விட்டு வீட்டுக்கு வந்த அன்று, வீட்டில் இருந்த நாரையெல்லாம் பொறுக்கி அடுப்பில் போட்டுக் கொளுத்தினாள். "நாரு இல்லாம பாத்திரம் எப்பிடித் தேய்க்கறது?" என்று அம்மா ஒரு வார்த்தை கேட்டாள். பிடித்துச் சுவரில் ஒரு தள்ளு. முன்பல்லில் ஒரு துண்டு உடைந்து விழுந்தது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அம்மா வாயைத் திறந்து அந்தப் பல்லைக் காட்டுவாள். "உன் முட்டிக்கு என் பல்லுடீ," என்று என்னைப் பார்த்துச் சொல்வாள்.

அன்றிலிருந்து என் குளியல் சின்னம்மா வசம். அவள் புருஷன் வீட்டில் இருந்த காலத்தில் என் தோல் பட்ட பாடு சொல்லி மாளாது. அவள் திரும்பி வந்தபோது ஊரே "ஐயோ பாவம்" என்றது. எனக்கு மட்டும் உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது. என்ன செய்வது, சின்னப் பிள்ளை புத்தி.

அவள் குளிப்பாட்டுவது ஒரு தனி வேலை. பாசிப்பயற்றை நிழலில் உலர்த்தி, திரிகையில் அரைத்து, அப்பாவின் பழைய வேட்டியில் போட்டுச் சலிப்பாள். வேட்டியில் தங்கியது பாத்திரத்துக்கு. கீழே விழுந்த மாவு எனக்கு. அதை அரிசி களைந்த தண்ணீரில் கரைத்து, முதலில் என் முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு வைப்பாள். உலை கொதித்துச் சோறு வடிக்கும்வரை அது சிவக்காமல் இருந்தால்தான் மேலே பேச்சு. சிவந்தால் அந்த மாவு அவ்வளவுதான், அன்றைக்கு வெறும் தண்ணீர். சிவக்காவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து என் மேல் போர்த்தி உட்கார வைப்பாள். நான் அவசரப்படுவேன்.

"ஊறட்டும்டி. ஊறாத தோல்ல எவளாச்சும் கைய வெச்சா அந்தக் கைய வெட்டி ஏரியில போட்டுடுவன்."

ஊறின பிறகு விரல் நுனியின் சதையால் மட்டும் மாவைத் தடவுவாள். நகம் படாது. வட்டமாக ஒரு சுற்று, அவ்வளவுதான். ஒரு இடத்துக்கு ஒரு தரத்துக்கு மேல் கை போகாது. மாவு காய விடமாட்டாள், காய்ந்தால் உரிக்கும்போது தோலையும் இழுக்கும் என்பாள். தண்ணீர் ஊற்றிக் கழுவியதும் துடைக்கக் கூடாது, ஒற்ற வேண்டும். ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெய். அப்புறம் பத்துப் பன்னிரண்டு நாளைக்கு மாவு பக்கமே போகக் கூடாது. "தெனத்துக்கும் தேய்க்கறதுக்கு இதென்ன வாசப்படியா?" என்பாள்.

கை இத்தனை மெதுவாகப் போகும்போது வாய் என்ன செய்யும் என்கிறீர்கள்? அன்று மண்டியில் அவளைச் சீண்டியவன், சந்தையில் எடை குறைத்தவள், ஓசூர் பஸ்ஸில் இடித்தவன் என்று ஒருவர் விடாமல் திட்டு நடக்கும். கன்னடத்தில் ஆரம்பித்து, தெலுங்கில் சூடேறி, தமிழில் கொண்டுவந்து முடிப்பாள். எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை எல்லாம் குளிக்கும்போது கற்றுக்கொண்டதுதான்.

அம்மா ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள். "ஊருல எல்லாரையும் அடிக்கறியே, அவ மேல மட்டும் ஏண்டி உன் கை இப்பிடிப் பஞ்சாட்டம் போவுது?"

"மத்தவங்க தோலு தாங்கும்," என்றாள் சின்னம்மா.

பக்கத்துச் சந்திலிருந்து ஒரு அம்மாள் வருவார். நல்ல மாதிரிதான், ஆனால் யோசனை சொல்லாமல் இருக்கத் தெரியாது. என் கழுத்தைப் பார்த்துவிட்டு, "செங்கல்ல பொடி பண்ணித் தேய்ச்சிப் பாருங்க, பொண்ணு பளபளன்னு ஆயிடுவா," என்றார். சின்னம்மா கொல்லைக்குப் போய் ஒரு செங்கல்லை எடுத்து வந்தாள். அந்த அம்மாள் கையைப் பிடித்து நீட்டி, முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை ஒரே இழுப்பு. அந்த அம்மாள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. கை முழுக்க ரத்தக் கோடு.

"வலிக்கிதா? அவளுக்கும் அப்பிடித்தான் வலிக்கும்," என்று சொல்லிச் செங்கல்லைக் கீழே போட்டாள். எனக்கு அன்று அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது. எனக்காகத்தான் செய்தாள் என்பது இன்னும் பயமாக இருந்தது. இரண்டு நாள் அவள் பக்கத்தில் படுக்க மாட்டேன் என்று அழுதேன்.

அவளும் வாங்காமல் இல்லை. கூடையால் அடிபட்ட தரகர் சும்மா விடுவாரா? ஒரு வெள்ளிக்கிழமை மாலை, மண்டி விட்டு வருகிற வழியில் ஏரிக்கரையில் மூன்று பேர் மடக்கினார்கள். தடியால் அடித்துப் போட்டுவிட்டுப் போனார்கள். ரவிக்கை கிழிந்து, மண்டை உடைந்து, ஒரு கண் மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அம்மா ஓவென்று அழுதாள். சின்னம்மா மண்டையில் காப்பித் தூளை அப்பித் துணியால் கட்டிக்கொண்டு, "மாவு சலிச்சாச்சா?" என்றாள். அன்று என் குளியல் நாள். வேண்டாம் சின்னம்மா, அம்மா ஊத்தட்டும் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. அவள் நெற்றியிலிருந்து ஒழுகியது என் தோளில் விழுந்தது. கை மட்டும் எப்போதும் போல்தான் போனது. அடுத்த வாரம் அந்த மூன்று பேரில் ஒருவன் காலை நொண்டிக்கொண்டு போவதைப் பார்த்தேன்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானது மாங்காய்க் காலத்தில். மாப்பிள்ளைக்கு ஓசூரில் ஒரு லாரி ஷெட்டில் மெக்கானிக் வேலை. தாய் தகப்பன் இல்லை. ராயக்கோட்டைப் பக்கம் மாந்தோப்புக் குத்தகை எடுக்கும் அத்தைதான் வளர்த்து ஆளாக்கியவர். நல்ல இடம் என்று அம்மா பூரித்துப் போனாள். தோலைப் பார்த்துத் தட்டிப்போன இடங்கள் அதற்கு முன் இரண்டு மூன்று உண்டு. இதுவும் போனால் வேறு யார் வருவார்கள் என்பது அவள் கவலை. என் கவலையும் அதுதான், மறைப்பானேன். அவரைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது.

எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே நலுங்கு தொடங்கிவிடும். பெண்ணை மணையில் உட்கார வைத்து, இரண்டு பக்கத்துப் பெண்களும் மஞ்சளும் பயத்தமாவும் பூசி விளையாடுவார்கள். "நான் வர்றதுக்கு முன்ன எவளும் இவ மூஞ்சியத் தொடக்கூடாது," என்று சொல்லிவிட்டுத்தான் சின்னம்மா மண்டிக்குப் போனாள். லோடு வந்துவிட்டது, அவள் வர நேரமானது. ராகு காலம் வருகிறது என்று பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள். மாப்பிள்ளையின் அத்தை தோப்பில் அறுப்பை அப்படியே விட்டுவிட்டு நேராக வந்திருந்தார். ஆசையாகத்தான் பூசினார், பாவம். இரண்டு கையாலும் கன்னத்தைப் பிடித்து, கழுத்துவரை இழுத்துத் தேய்த்து, "தங்கமாட்டம் இருக்கற கண்ணு," என்று கொஞ்சினார்.

சின்னம்மா வந்து சேர்ந்தபோது எல்லாரும் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். குனிந்து என் கன்னத்தை மோந்து பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"மாம்பாலு," என்றாள்.

காம்பு ஒடித்தால் பீறிட்டு வருகிற அந்தப் பால் பட்டால் என்ன ஆகும் என்று மாங்காய்க்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் வருஷக்கணக்காகக் காய் அறுத்துக் கை காய்த்துப் போனவர்களுக்கு, தன் கையிலும் நகத்தடியிலும் அது இருப்பதே தெரியாது. சின்னம்மா ஆரத்தித் தட்டைத் தூக்கித் தெருவில் வீசினாள். அம்மாவின் கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டாள். அப்பா குறுக்கே விழுந்து தடுத்ததால் மாப்பிள்ளை வீட்டார் அன்று முழுசாக ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அதன்பின் என்னை உள்ளே இழுத்துப்போய், எண்ணெயைப் பஞ்சில் தோய்த்து ஒற்றி ஒற்றி எடுத்து, தண்ணீர் விட்டுக் கழுவினாள். தாமதமாகிவிட்டது. விடிந்தபோது, காம்பு ஒடித்த கை பட்ட இடது கன்னம் முழுக்கக் கொப்புளம். மறுநாள் அது கறுத்துப் பொருக்காகிவிட்டது.

சின்னம்மா குளிர்ந்த கஞ்சித் தண்ணீரில் துணியை நனைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டே இருந்தாள். எண்ணெய் தடவினாள். "தானா வுடற வரைக்கும் கை வெக்கக்கூடாது. நீயும் சொறியக்கூடாது. சொறிஞ்சா கைய கட்டிப் போட்டுடுவன்." ஓரத்தில் பொருக்கு மெல்லத் தூக்கிக்கொள்ள ஆரம்பித்தது. அடியில் ரோஸ் நிறத்தில் புதுத் தோல் தெரிந்தது.

அதற்குள் பெண்ணுக்கு ஏதோ வியாதி என்று ராயக்கோட்டைவரை பேச்சுப் போய்விட்டது. மாப்பிள்ளையின் அத்தை பதறிக்கொண்டு வந்தார். பார்த்தவர் சிரித்துவிட்டார்.

"அட, மாம்பாலுக் கறை! இதுக்கா இம்மாம் பயம்? எங்க ஆளுங்களுக்குத் தெனம் நடக்கறதுதான். சாம்பலப் போட்டு நாருல நாலு இழுப்பு இழுத்தா கறுப்பெல்லாம் ஓடிப் பூடும். கல்யாணத்தன்னிக்கு மூஞ்சி வெள்ளையா இருக்கணுமா இல்லியா?"

தோப்பில் கை காய்த்த ஆட்களுக்கு அப்படித்தான் செய்வார்கள் போலிருக்கிறது. அம்மாவுக்கு இந்த இடம் தப்பிவிடக்கூடாது, அவ்வளவுதான். சரி என்றுவிட்டாள். அம்மா என் தோளைப் பிடித்துக்கொள்ள, அந்த அத்தை நாரை எடுத்தார். முதல் இழுப்பிலேயே பொருக்கு பிய்ந்து ரத்தம் கொட்டியது. நான் போட்ட சத்தத்தை, மத்தியானச் சோற்றுக்கு வந்த சின்னம்மா வாசலிலேயே கேட்டுவிட்டாள்.

அவள் ஓடி வந்ததை நான் பார்க்கவில்லை. நார் பிடித்த கையைத் தண்ணீர்த் தொட்டியின் கல் விளிம்பில் வைத்து மடக்கியதைத்தான் பார்த்தேன். எலும்பு உடைகிற சத்தம் கேட்டது. அந்த அத்தை அப்படியே சரிந்து உட்கார்ந்தார். சின்னம்மா அவர் தலைமயிரைப் பிடித்து இன்னும் அடித்தாள். நானும் அம்மாவும் காலைக் கட்டிக்கொண்டு கதறித்தான் விடுவிக்க முடிந்தது.

மறுநாள் ராயக்கோட்டையிலிருந்து ஒரு லாரி நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். முதலில் கல் வந்தது. ஓடுகள் நொறுங்கின. அப்பாவின் நெற்றியில் ஒன்று பட்டுக் கிழித்தது. சின்னம்மா மாங்காய்க் கூடை தைக்கிற ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு கதவண்டை நின்றாள். யாராவது உள்ளே காலை வைத்திருந்தால் அன்று ஒரு உயிர் போயிருக்கும், சந்தேகமில்லை. அப்புறம் பெரியவர்கள் கல்லை நிறுத்தினார்கள். கையில் மாவுக்கட்டோடு அந்த அத்தை முன்னால் வந்தார். பக்கத்தில் மாப்பிள்ளை, நேராக ஷெட்டிலிருந்து வந்த அழுக்குச் சட்டையில்.

"எனக்கு இந்தப் பொண்ணு மேல கோவமில்ல. ஆனா என்ன அடிச்சவ ஊரறிய என் கால்ல உழணும். இல்லன்னா இப்பவே இந்தக் கல்யாணம் இல்ல," என்றார் அந்த அத்தை.

சின்னம்மா யார் காலில் விழுவாள்? நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. எனக்கு எங்கிருந்து அந்த ரோஷம் வந்ததோ தெரியவில்லை. ஜன்னல் வழியாகக் கத்தினேன். "எங்க சின்னம்மா உழாது! கல்யாணமும் வேணாம், ஒண்ணும் வேணாம்! எல்லாரும் போங்க!"

அடுத்த நிமிஷம் என் முதுகில் இடி விழுந்த மாதிரி இருந்தது. ஊசியை மூலையில் எறிந்துவிட்டு வந்த சின்னம்மாதான். அதுவரை ஒரு நாளும் என்னை அடிக்காதவள், என் தலையை ஒரு கையால் தன் வயிற்றோடு பிடித்துக்கொண்டு மறு கையால் முதுகில் திரும்பத் திரும்ப அறைந்தாள்.

"யாரக் கேட்டுடி வேணாம்ன? நான் ஒருத்தி வாழாவெட்டியா வந்து உக்காந்தது பத்தாதா? உனக்கும் என் பொழப்பு வேணுமா? சொல்லு, வேணும்னு சொல்லு!"

வேணும் என்று சொல்லும்வரை விடவில்லை. எனக்கு அவள் மேல் அத்தனை ஆத்திரம் வந்தது. இவ்வளவு வலிக்கும் என்று தெரிந்திருந்தால் ஊரில் அடிபட்ட ஒவ்வொருவருக்காகவும் முன்னாலேயே அழுதிருப்பேன். ஆனால் அத்தனை அடியிலும், வயிற்றோடு சேர்த்துப் பிடித்த அந்தக் கை என் இடது கன்னத்தில் எதுவும் உரசாதபடி குழித்துத் தாங்கிக்கொண்டிருந்தது.

அப்புறம் என்னை விட்டுவிட்டு வெளியே போனாள். அத்தனை பேர் பார்க்க, உடைந்த ஓட்டுத் துண்டுகளின் மேலேயே விழுந்து அந்த அத்தையின் காலைத் தொட்டாள். நான் ஜன்னலில் நின்று அழுதேன். அவள் அழவில்லை. எழுந்து நெற்றி மண்ணைத் துடைத்துக்கொண்டாள். போய்விடுவாள் என்று எல்லாரும் வழிவிட்டார்கள். அவள் போகவில்லை.

"நீ கேட்ட, உழுந்துட்டன். என் பொண்ணக் கட்டிக்கினு போங்க. ஆனா அவ மூஞ்சிய எவளாச்சும் தேய்ச்சீங்கன்னு என் காதுல உழுந்துச்சி, அடுத்த தபா கால்ல உழறதுக்கு வரமாட்டன்."

கூட்டம் முணுமுணுத்தது. அந்த அத்தை கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு அடி பின்னால் போனார். இதோடு எல்லாம் முடிந்துபோயிற்று என்றுதான் இருந்தேன். அப்போது மாப்பிள்ளை முன்னால் வந்தார். ஜன்னலைப் பார்த்தார், என் கன்னத்தில் ரத்தம் உறைந்திருந்ததைப் பார்த்தார், சின்னம்மாவைப் பார்த்தார்.

"சின்னத்தே, தேய்க்கக்கூடாதுன்னா சரி. அப்ப எப்பிடிப் பாத்துக்கணும்? எனக்குக் காட்டிட்டுப் போங்க."

சின்னம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். வெடுக்கென்று அவர் கையைப் பிடித்துத் திருப்பி, கிரீஸ் ஏறிக் கறுத்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"மொதல்ல போயி நகத்த வெட்டிக்கினு வாடா," என்றாள்.

அவர் லாரி நிறைய நின்ற சொந்தக்காரர்களை அங்கேயே விட்டுவிட்டு, முடிவெட்டுகிற கடை எந்தப் பக்கம் என்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டு போனார்.